தேறாத கேஸ்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு மாணவர்கள் இரண்டே வகை. தேறுகிறவன், தேறாதவன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைத் தாளை என் கையில் கொடுக்கும்போது அவர் தீர்ப்பையும் சேர்த்தே கொடுத்தார்: "இது தேறாத கேஸ்." அப்பா காதுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வீட்டில் என் பெயரைவிட அதிகமாகப் புழங்கியது அந்த இரண்டு சொற்கள்தான்.

பல வருடம் கழித்து அதே சொற்களை நானே சொன்னேன். 2008 கோடையில், இங்கிலாந்தில் ஒரு வாடகை வீட்டு அடுக்களையில், ஒரு பைன்ட் குவளையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. குவளைக்குள் இருந்தது நான் வீட்டில் காய்ச்சிய முதல் பீர். ஐப்பசி மழையில் தாமிரபரணி எந்த நிறத்தில் ஓடுமோ அந்த நிறம். குவளைக்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல்களே எனக்குத் தெரியவில்லை.

"ருசி இருக்கிறது. பிரைட்டாக இல்லை, மி டக்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

வேலை டெர்பியில். வாடகை குறைவு என்று பர்ட்டன் அபான் ட்ரென்டில் வீடு பிடித்திருந்தேன். வந்த முதல் வாரம் அந்த ஊரின் வாசனை என்னைக் குழப்பியது. காலையில் வறுத்த தானிய வாசனை, மத்தியானம் உப்புக் கரிக்கும் குழம்பு வாசனை. முதலாவது பீர் ஆலைகளுடையது, இரண்டாவது ரொட்டியில் தடவும் மார்மைட்டுடையது. பீர் காய்ச்சி மிஞ்சும் ஈஸ்டை வைத்து 1902 முதல் அந்த ஊரில்தான் மார்மைட் செய்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் போன பேல் ஏல் பெரும்பாலும் இங்கே காய்ச்சியதுதான். கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம் என்பதால் ஹாப்ஸ் பூவின் கசப்பு துலக்கமாக நிற்கும், ஈஸ்ட் சீக்கிரம் அடியில் இறங்கும் என்பார் பெரியவர். ஆயுசில் பாதியை ஒரு பீர் ஆலையின் நிலவறையில் கழித்து ஓய்வுபெற்றவர். ஆணையும் பெண்ணையும் 'மி டக்' என்று விளிப்பது அந்த வட்டாரத்து வழக்கம். என்னை ஏன் வாத்து என்கிறார் என்று முதலில் முறைத்தேன். பிறகு அது நம் ஊர் 'ராசா' மாதிரி என்று புரிந்தது.

வீட்டில் பீர் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. நம் ஊரில் இதைச் செய்தால் மதுவிலக்குப் போலீஸ் கதவைத் தட்டும். அங்கே 1963-ல் ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது, சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். பொடித்த பார்லி மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் ஆயிற்று. ஒரு தடவைக்கு 23 லிட்டர், அவர்கள் கணக்கில் 40 பைன்ட். கேட்க எளிது. பொங்கினால் என்ன செய்வது, கலங்கினால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தேடியே எனக்குப் பல மாதம் போயிற்று.

பொங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்டோபரில் எங்களுக்குப் பெண் குழந்தை. பேத்தியைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தாள். நாங்கள் சைவக் குடும்பம். இந்த விஷயத்தை அம்மா இருக்கும்வரை ஒத்திப்போட்டிருக்கலாம். ஆனால் வாங்கி வைத்த மால்ட் வீணாகிவிடுமே என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து அடுப்பை மூட்டினேன். 30 லிட்டர் பானையில் 27 லிட்டர் சாறு. கொதி வரும் நேரத்தில் அம்மா வெந்நீர் எடுக்க வந்து நின்றாள்.

"ஏல, என்னல இது? ஹார்லிக்ஸ் மாதிரி மணக்கு."

"பார்லிக் கஞ்சிம்மா."

"கஞ்சிக்கு எதுக்குல இலையும் பூவும் போடுத?"

நான் பதில் யோசிப்பதற்குள் பானை பதில் சொல்லிவிட்டது. மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கும் கணத்தில் அதிலுள்ள புரதமெல்லாம் மேலே வந்து ஆடைபோல் படர்கிறது. அடியிலிருந்து வரும் ஆவி அதைக் கிழிக்க முடியாமல் தூக்குகிறது. பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறோம். அது ஊதினால் அடங்கும். இது பழுப்பு நிறத்தில், பாகு மாதிரிப் பிசுபிசுத்து, விளிம்பைத் தாண்டி அடுப்பை அணைத்து, அலமாரிக் கதவில் வழிந்து, வீட்டுக்காரரின் புதுத் தரைவிரிப்பை நோக்கி நடந்தது. நான் கரண்டியோடு நின்றேன். அம்மா நிற்கவில்லை. "பருப்பு பொங்கினா என்னல செய்வோம், ஒரு சொட்டு எண்ணெ விட வேண்டியதுதான" என்று நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு என்றாள். விழுந்தது ஒரு கரண்டி. நுரை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அம்மாவுக்கு அது புதுசில்லை. பதநீர் காய்ச்சும் இடத்தில் பாகு பொங்கினால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஒரு நுரைக்குமிழியின் சுவர் நிற்பது, அதிலுள்ள புரதம் கைகோத்து நிற்பதால். எண்ணெய்த் துளி அந்தச் சுவருக்குள் புகுந்து பரவினால் அந்த இடம் மெலிந்து உடைகிறது. பக்கத்துக் குமிழியும் உடைகிறது. தத்துவம் சரிதான்.

மூன்று வாரம் கழித்துப் பாட்டிலைத் திறந்தேன். பெரியவர் ஊற்றிப் பார்த்தார். உஸ் என்று ஒரு சத்தம், வெள்ளையாய் ஒரு வளையம், ஐந்து விநாடியில் அதுவும் போய்விட்டது. ஆறிப்போன தேநீர் மாதிரி இருந்தது. குவளையைச் சோப்பு போட்டுக் கழுவினாயா, பொரித்த வறுவல் தின்றுகொண்டே குடித்தாயா என்று அவர் ஒவ்வொன்றாய் விசாரித்தார். கடைசியில் நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் அவர் நாய் வெளியே ஓடிவிட்டது.

கொதிக்கும்போது நுரையை உடைத்த எண்ணெய், குடிக்கும்போதும் நுரையை உடைக்கத்தானே செய்யும்? மறுநாள் அவர் ஒரு சின்னச் சொட்டுப் பாட்டில் கொண்டுவந்தார். சிலிக்கோன் எண்ணெயும் நுண்ணிய சிலிக்காத் தூளும் சேர்ந்த வெள்ளைப் பால்மம். அடுத்த கொதிக்கு மூன்று சொட்டு. பொங்க எழுந்த நுரை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நின்று, பெரிய பெரிய குமிழிகளாகித் தளதளவென்று கொதித்தது. எண்ணெய்க்கும் இதற்கும் வித்தியாசம் கொதிக்குப் பிறகுதான் தெரியும். சிலிக்கோன் பீரில் கரைவதில்லை. ஈஸ்டிலும் கசடிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்விடுகிறது. மேலே வடித்து எடுக்கும் பீரில் நுரைக்கு எதிரி மிச்சமில்லை.

"ஒருதரம் நுரைத்தது மறுதரம் நுரைக்காது" என்றார் அவர். பானையிலும் தொட்டியிலும் நுரைத்து ஓரத்தில் காய்ந்து ஒட்டிப்போகும் புரதம், பிறகு குவளைக்கு வந்து தொப்பி கட்டாது. அதனால் கொதிக்கும்போதும் புளிக்கும்போதும் நுரையை அடக்கிவைத்தால் குவளையில் நுரை கூடுமே தவிரக் குறையாது. நுரைகொல்லி போட்ட பீருக்கு நல்ல நுரை நின்றதைப் பார்க்கும்வரை நான் இதை நம்பவில்லை.

அந்தப் பாட்டில் தீர்ந்த அன்று என் வீட்டில் இன்னொரு கலவரம். சொட்டு மருந்தின் லேபிளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பி அழும்போது கொடுக்கும் சொட்டு மருந்திலும் சிமெத்திகோன். பெரியவரின் பாட்டிலில் இருந்ததும் அதே சரக்கு. குழந்தை வயிற்றில் காற்றுக் குமிழிகளை உடைக்கிற அதே வேலையைப் பானையில் செய்கிறது. நான் மூன்று சொட்டு எடுத்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"பிள்ளை மருந்தை எடுத்துச் சாராயத்துல ஊத்துறீங்களா?"

அம்மா வசம்பைச் சுட்டு உரசிக்கொண்டிருந்தாள். வசம்பைச் சாயங்காலத்துக்கு மேல் பெயர் சொல்லிக் கேட்க மாட்டாள். 'பேரு சொல்லாதது' என்றுதான் சொல்வாள். "இவ மருந்தும் ஒனக்குத்தான், எம் மருந்தும் வேணுமால?" என்றவள், அன்றிலிருந்து மாடிப்படிக்கு அடியில் இருந்த என் பீர்த் தொட்டிக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். "ஒன் பேரு சொல்லாதது குமிழி விடுதுல, போயிப் பாரு."

நுரையை எதிரியாக நினைப்பது புது வழக்கம் என்றும் பெரியவர் சொல்லுவார். பர்ட்டன் யூனியன் என்று அந்த ஊர் ஆலைகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. 1838-ல் பீட்டர் வாக்கர் என்பவர் காப்புரிமை வாங்கியது. வரிசையாய்ப் பீப்பாய்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த குழாய். புளிக்கும் பீர் நுரையைத் தள்ளும். நுரை ஈஸ்டைச் சுமந்துகொண்டு குழாய் வழியே மேலே இருக்கும் தொட்டியில் விழும். அடியில் பீர் தெளிந்துகொண்டே வரும். "நாங்கள் நுரையோடு சண்டை போடவில்லை, அதற்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்தோம்" என்றார்.

அம்மா நவம்பரில் ஊர் திரும்பினாள். நான் தெளிவின் பக்கம் திரும்பினேன்.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு: மிதக்கும் ஈஸ்ட் ஒன்று, பார்லிப் புரதமும் உமியிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருளும் பிடித்துக்கொண்டு உண்டாக்கும் மூட்டம் இன்னொன்று. இரண்டாவது வேடிக்கையானது. அறைச் சூட்டில் தெளிவாக இருக்கும் பீர், குளிர்ந்ததும் பனிமூட்டமாகும். கைச்சூட்டில் மறுபடி தெளியும். அதற்குக் கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி அயர்லாந்துப் பாசி. அட்லான்டிக் கரைப் பாறைகளில் வளரும் செந்நிறக் கடற்பாசி. பார்க்க, காய்ந்த கறிவேப்பிலையை நொறுக்கியது மாதிரி. அதிலுள்ள கராகீனன் எதிர்மின் ஏற்றம் கொண்டது. நேர்மின் ஏற்றமுள்ள புரதத்தை இழுத்துக் கட்டும். முதல்முறை அதைப் போட்டுவிட்டு, செம்புச் சுருள் குழாயில் குளிர்ந்த நீரை விட்டுச் சாற்றை ஆறவைத்தேன். அரைமணியில் பானைக்குள் பால் திரிந்தாற்போல் ஆயிற்று. வெள்ளை வெள்ளையாய்த் துணுக்குகள். ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வைத்தேன். துணுக்குகள் ஒவ்வொன்றாய் அமிழ, மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று தேன் நிறத்தில் தெளிந்தது. குழந்தை அழுததுகூடக் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டுக்கு வேறு மருந்து. ஐசிங்கிளாஸ். பெரியவர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் காட்டினார். உள்ளே வழவழப்பாக, வடித்த கஞ்சி மாதிரி. மீனின் காற்றுப்பையைக் காயவைத்து, லேசான அமிலத்தில் கரைத்தது. அதன் கொலாஜன் பீரில் நேர்மின் ஏற்றம் பெறும், ஈஸ்டுக்கு எதிர்மின். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். ஆலையில் அவர் பீப்பாய் பீப்பாயாக இதைக் கலந்து மதுக்கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார்.

"மீனா?" என்றேன். அந்த ஊர் மதுக்கடையில் ஒரு வருடமாக நான் குடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. வீட்டில் வந்து சொன்னபோது மனைவி, "அப்போ குடிச்சது பரவாயில்லை, மீன்தான் உறுத்துதா?" என்று கேட்டாள். இந்த உறுத்தல் எனக்கு மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. மீன்பசையைக் கைவிடப் போவதாக கின்னஸ் 2015-ல் அறிவித்தது.

அந்த மீன்பசையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீனிலிருந்து வந்த பசை விலை கூடியதால், இந்தியக் கடல் மீன்களில் எடுக்க முடியுமா என்று தேடினார்கள். ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்ற தாவரவியலாளர் இந்தியக் கரைகளில் ஐசிங்கிளாஸ் தயாரிப்பதைப் பற்றி 1842-ல் லண்டனில் ஒரு புத்தகமே போட்டார். அதே 1842-ல்தான் பொஹிமியாவின் பில்சன் நகரில் யோசெஃப் க்ரோல் பொன்நிறத்தில் பளபளக்கும் லாகரைக் காய்ச்சினார். மூன்று வருடம் கழித்து, 1845-ல், பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை எடுத்தது. தகரக்குவளை போய்க் கண்ணாடிக் குவளை பரவியது. உள்ளே இருப்பது கண்ணில் பட்ட பிறகுதான் கலங்கல் ஒரு குற்றமாயிற்று.

சின்ன வயதில் ஆப்ப மாவுக்குக் கள் வாங்கிவரத் தூக்குவாளியோடு என்னை அனுப்புவார்கள். 1987-ல் கள்ளுக்கடையை மூடும்வரை அது நடந்தது. அடிமண்டியோடு சேர்த்து ஊற்றச் சொல்லி அம்மா சொல்லி அனுப்புவாள். மண்டியில்தான் மாவு பொங்கும். கள் தெளிவாக இல்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. ஆனால் ஆற்றுநீர் கலங்கினால் விடமாட்டார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்வாயில் உரசி நீர் ஊற்றிவைப்பார்கள். காலையில் சேறெல்லாம் அடியில் இருக்கும். கலித்தொகைக் காலத்திலேயே இருந்த பழக்கம். போனில் என் கலங்கல் புராணத்தைக் கேட்ட அம்மா, "தேத்தாங்கொட்டை ரெண்டு அனுப்பட்டுமால?" என்றாள். அது சேற்றுக்கு, இது ஈஸ்டுக்கு என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

மீன்பசை எனக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனத்தைத் தேற்றிக்கொண்டு டிசம்பரில் ஒரு ஜாடி வாங்கினேன். வாங்கியதை ஹீட்டருக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தேன். இருபது டிகிரிக்கு மேல் கிடந்தால் அந்தக் கொலாஜன் சிதைந்து, வெறும் பசைத்தண்ணீர் ஆகிவிடும்; ஜாடியில் எழுதியும் இருந்தது. லேபிள் படிக்கிறவன் அன்று படிக்கவில்லை. பீர் தெளியவில்லை. இரண்டு மடங்கு ஊற்றினேன். தெளியவில்லை. போதாக்குறைக்கு ஜெலட்டினையும் வெந்நீரில் கரைத்து விட்டேன். மறுநாள் தொட்டியின் அடியில் பஞ்சுமூட்டை மாதிரி ஒன்று கால்பாகத்துக்கு உப்பி நின்றது. தொட்டால் மேகம்போல் எழும்பிப் பீர் முழுக்கக் கலந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். "தேவைக்கு மேல் கொடுத்துவிட்டாய். இனி எதுவும் போடாதே."

"எத்தனை நாள்?"

"அது சொல்லும்."

தொட்டியைக் கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்தோம். ஜனவரி. கொட்டகைக்குள் இரண்டு மூன்று டிகிரிதான். அதே மாதம் டெர்பியில் எங்கள் பிரிவையே மூடினார்கள். மூன்று மாதக் குழந்தை, வாடகை வீடு, விசா. மனுப் போட்ட இடமெல்லாம் மௌனம். காலையில் எழுந்து செய்ய ஒன்றுமில்லாமல் கொட்டகைக்குப் போவேன். தொட்டியை அசைக்கக் கூடாது. டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பார்ப்பேன். முதல் வாரம் வெளிச்சம் ஊடுருவவே இல்லை. இரண்டாம் வாரம் மங்கலாக ஒரு வட்டம்.

குளிரில் நின்றபடி சொற்களை உருட்டிக்கொண்டிருந்தேன். தேறுதல் என்றால் தெளிதல். பரீட்சையில் தேறுவதும் நோயிலிருந்து உடம்பு தேறுவதும் அதிலிருந்து வந்ததுதான். அழுகிறவரைத் தேற்றுவதும் நீரைத் தேற்றுவதும் ஒரே சொல். மூங்கில் குழாயில் நாள்பட வைத்துத் தெளிந்த கள்ளுக்குச் சங்கப் பாட்டில் தேறல் என்று பேர். கணக்கு வாத்தியார் என்னைத் திட்டியது ஒரு மதுவின் பெயரை வைத்துத்தான் என்று நினைத்தபோது, அந்த ஜனவரியில் முதல்முறையாகச் சிரித்தேன்.

பிப்ரவரி நடுவில், ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த மறுநாள், குழாயைத் திறந்து மெல்லப் பிடித்தேன். பெரியவர் தன் செய்தித்தாளைக் குவளைக்குப் பின்னால் பிடித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, தலைப்பை மட்டும் இல்லை, பொடி எழுத்தையும் பீர் வழியாக வாசித்தார். மேலே இரண்டு விரல்கடை நுரை, குடித்து முடிக்கும்வரை குவளையில் வளையம் வளையமாய் ஒட்டியிருந்தது.

"பிரைட்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. அப்பா. நேர்முகத் தேர்வு விஷயம் அவருக்குத் தெரியும்.

"என்னடே, தேறிச்சா?"

குவளையை ஜன்னலுக்கு நேரே தூக்கினேன். அந்தப் பக்கம் என் ஐந்து விரலும் தெரிந்தது.

"தேறிட்டுப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வாத்தியார் இருந்தா சொல்லலாம்" என்றார். கம்பெனியிலிருந்து கடிதம் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் எதைச் சொன்னேன் என்று அப்பாவிடம் விளக்கவில்லை. பேர் சொல்லாதது அது.